முதல் ஷாட் பிள்ளையார்

தமிழ்மாறன் கடைசியாகத் தேடியது அவனுடைய ஹெல்மெட்டை.

சனிக்கிழமை. காலை ஐந்து ஐம்பது.

ஒரு கையில் காபி டம்ளர். இன்னொரு கையில் ஸ்கூட்டர் சாவி.

"மதி, ஹெல்மெட் எங்க?"

"ஃப்ரிட்ஜ் மேல."

"அது நிறையச் சீட்டு கிடக்கு."

"நேத்து அதுலதானே குலுக்குனீங்க? மொதல்ல என் இட்லிப் பானையைக் கேட்டீங்க. நான் குடுக்கல."

மதிவதனி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். நாற்பத்தொரு வயது. வேளாண்மைத் துறையில் உதவி அலுவலர். விதை, உரம், பூச்சி என்று வாரத்தில் ஆறு நாள் வரப்பில் நடப்பவள். ஏழாவது நாள் புருஷனின் கூட்டத்துக்கு டீ போடுபவள்.

தமிழ்மாறன் பாபநாசம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி... எல்லாம் அடிப்பான். ஆனால், உயிரை வைத்திருந்தது வேறு ஒன்றில்.

திருக்காட்டுப்பள்ளியில் ஆரம்பித்துத் தரங்கம்பாடி வரைக்கும், கதை எழுதுகிறவன், படம் எடுக்கத் துடிக்கிறவன் அத்தனை பேருக்கும் அவன்தான் தகவல் நிலையம். எந்தப் பத்திரிகையில் சிறுகதைப் போட்டி... எந்த ஊரில் திரைக்கதைப் பயிலரங்கு... எவன் உதவி இயக்குநர் வேலை தருவதாகச் சொல்லிக் கம்பி நீட்டுகிறான்... எல்லாமே அவனுடைய 'கதை உண்டு' வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒருவனுக்குக் கடைசித் தேதி தவறினாலும் தமிழ்மாறனுக்குச் சோறு இறங்காது.

நேற்று மாலை ஆறு மணிக்கு, வருடத்துக்கு ஒரு முறை வரும் அவனுடைய பெரிய ஆசை ஆரம்பமாகியிருந்தது.

நாற்பத்தெட்டு மணி நேரக் குறும்படப் போட்டி!

பத்தொன்பது குழுக்கள். ஹெல்மெட்டில் கைவிட்டுச் சீட்டெடுத்து, வந்த தலைப்புக்குக் கதை எழுதி, ஷூட் பண்ணி, எடிட் பண்ணி, ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். நேற்று சாயங்காலத்திலிருந்து தஞ்சாவூர் ஜில்லா முழுக்க எவனாவது ஒருத்தன் ஆக்‌ஷன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு காலைல எங்க?"

"மதகு வரைக்கும். ஒரு ஆளை நேர்ல பார்த்து ஒரு விஷயம் சொல்லணும்."

"யாரை?"

"வந்து சொல்றேன். இப்பச் சொன்னா நீ எனக்கு முந்தி போன் பண்ணிச் சொல்லிடுவே."

சிரித்துக்கொண்டே சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டான். காபியைப் பாதியில் வைத்தான்.

"ஹெல்மெட்?"

"இங்க இருக்கற மதகு. இதுக்குப் போயி சீட்டையெல்லாம் கொட்டணுமா?"

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

ஏழேகால் மணிக்குப் போன் அடித்தது.

"அம்மா... டி.டி.பி. சார் வீடுங்களா?"

"ஆமா. நீங்க?"

"மதகு திறக்கற லஸ்கர் பேசறேம்மா. நீங்க கொஞ்சம்... வீட்ல வேற யாராச்சும் ஆம்பளையாளு இருக்காங்களா?"

*

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சு. மணி பன்னிரண்டு.

மதிவதனி அழவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஈரமான சட்டை.

சப் இன்ஸ்பெக்டர் ஹாஃபிஸா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வயது. ஒல்லி. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க இன்ஸ்பெக்டர் கால் வழுக்கி விழுந்ததா எழுதச் சொல்றார். மதகுக் கல்லுல பின்மண்டை அடிபட்டு, மயங்கித் தண்ணில... பாசி இருக்கு. நடக்கக்கூடியதுதான்."

"நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். இந்தச் சட்டைல மேல ரெண்டு பட்டன் இல்ல. வீட்லேர்ந்து கிளம்பறப்பவே இல்லையா?"

"இருந்துச்சு. கழுத்து வரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் போனார்."

ஹாஃபிஸா மெல்லத் தலையாட்டினாள்.

"அப்ப யாரோ சட்டையைப் பிடிச்சிருக்காங்க."

மதிவதனி பைக்குள் கைவிட்டுச் சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யாரைப் பார்க்கப் போறேன்னு சொன்னாரா?"

"வந்து சொல்றேன்னார்."

"போன்?"

"தண்ணில. லஸ்கர் எடுத்துக் குடுத்தார். செத்துப்போச்சு."

'செத்து' என்ற வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் மதிவதனிக்கு உறைத்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் இளவழகன் வந்தான்.

கல்யாண வீடியோக்காரன். முப்பத்தைந்து வயது. தமிழ்மாறனுக்குத் தம்பி மாதிரி. குழுவின் எல்லாக் கூட்டத்துக்கும் மைக் கட்டுவது, நாற்காலி போடுவது அவன்தான். இந்த வருடம் அவனும் போட்டியில் இருந்தான்... ஒற்றை ஆளாக.

கண் சிவந்திருந்தது. கையில் டீ ஃபிளாஸ்க்.

"திருக்காட்டுப்பள்ளில ஷூட்ல இருந்தேன் அண்ணி. செய்தி கேட்டு அப்படியே போட்டுட்டு ஓடியாறேன். கொஞ்சம் குடிங்க."

"வேணாம்ப்பா."

"ஆம்புலன்ஸ், சுடுகாடு, பந்தல்... எல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. குரூப்ல மட்டும் ஒரு மெசேஜ் போட்டுடறேன். போட்டி ரத்துன்னு."

மதிவதனி நிமிர்ந்தாள்.

"எதுக்கு ரத்து?"

"அண்ணனே இல்லைங்கறப்போ..."

"அவர் எந்தப் போட்டியையும் பாதியில விட்டதில்ல."

"ஊர் என்ன பேசும் அண்ணி?"

"ஊர் எப்பவும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு. அவர் ஒரு ரூல் வெச்சிருந்தார், ஞாபகமிருக்கா? முன்னாடியே எடுத்த படத்தை எவனும் கொண்டாந்து தள்ளிடக் கூடாதுன்னு, கேமராவுல எடுத்தது மொத்தத்தையும் வெட்டாம ஒட்டாமக் குடுக்கணும்னு."

"ரா ஃபுட்டேஜ்."

"அதான். காலைல பத்தொன்பது கேமரா வெளியில இருந்துச்சு."

ஹாஃபிஸா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். கண்ணில் மெலிதாக ஒரு வெளிச்சம்.

"பத்தொன்பது சாட்சி," என்றாள்.

மதிவதனி தன் போனிலிருந்தே டைப் அடித்தாள்.

'தமிழ்மாறன் இன்று காலை காலமானார். போட்டி நடக்கும். கடைசி நேரம் மாறாது: ஞாயிறு மாலை ஆறு. ரா ஃபுட்டேஜ் இல்லாத படம் ஏற்கப்படாது.'

நொடியில் நூற்றுக்கணக்கான கைகூப்பல்கள். கண்ணீர் முகங்கள்.

நடுவில் ஒருவன் மட்டும் கேட்டிருந்தான்:

'ஆழ்ந்த இரங்கல் அக்கா. எட்டு நிமிஷத்துக்கு மேல பன்னெண்டு செகண்ட் போனா பரவாயில்லையா?'

*

அன்று மாலையே ஒருவன் சிக்கினான்.

ராஜகிரியைச் சேர்ந்த ஷேக் பரீத். இருபத்தாறு வயது. துபாயில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு டைரக்டர் ஆகப்போவதாகச் சொல்லி ஊர் திரும்பியவன்.

வெள்ளிக்கிழமை எல்லாக் குழுக்களும் அரைப் பக்கக் கதைச்சுருக்கம் கொடுத்திருந்தார்கள். பரீத் எடுத்த சீட்டில் தலைப்பு 'வாய்க்கால்'. அவன் எழுதியிருந்த கதையின் முதல் வரியை ஹாஃபிஸா ஸ்டேஷனில் வைத்துச் சத்தமாகவே படித்தாள்.

"'குறும்படப் போட்டி நடத்துபவர் வாய்க்காலில் பிணமாக மிதக்கிறார்.'"

பரீத் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க மேடம். ஆனா அது... கற்பனைங்க."

"எத்தனை படம் எடுத்திருக்கீங்க?"

"ரெண்டுங்க. ஒண்ணு பாதில நிக்குது."

"போன வருஷப் போட்டில உங்க படத்தைத் தமிழ்மாறன் சேர்த்துக்கல."

"ஒன்பது நிமிஷம் லேட்டுங்க. கரண்டு போயிடுச்சு."

"அன்னைக்குக் குரூப்ல என்ன எழுதினீங்க?"

பரீத் தரையைப் பார்த்தான்.

"'ஒரு நாள் உங்களைக் கதையிலயே கொல்றேன் சார்'னு..."

"அதுக்கு அவர்?"

"'எழுத்துப்பிழை இல்லாமக் கொல்லு'ன்னார்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மதிவதனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னைக்குக் காலைல எங்க இருந்தீங்க?"

"ஹீரோ வீட்டு வாசல்லங்க. அஞ்சரைலேர்ந்து எட்டு வரைக்கும்."

"ஹீரோ சாட்சி சொல்வாரா?"

"அவன் எந்திரிக்கவே இல்லீங்களே."

"கஷ்டம்தான்."

"மேடம், கொல்றவன் முந்தின நாளே கதைச்சுருக்கம் எழுதி, கீழ பேரும் போட்டு, செல் நம்பரும் குடுப்பானா?"

"குடுக்கறவங்க இருக்காங்க. விளம்பரப் பிரியர்கள்."

பரீத் நாற்காலியைத் திருப்பினான். மதிவதனியைப் பார்த்தான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. என்னோட முழுநீளக் கதை... நூத்திருபது பக்கம்... ஆறு மாசம் முன்ன சார்தான் டைப் அடிச்சுக் குடுத்தார். காசு நீட்டினேன், வாங்கல. 'மொதல்ல படமா எடு, அப்புறம் பார்த்துக்கலாம்'னு சொல்லிட்டார். அவரை நான் ஏன்க்கா..."

மதிவதனி ஹாஃபிஸாவைப் பார்த்தாள்.

"இவன் இல்லைங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"இவன் எதுக்குமே நேரத்துக்கு வந்ததில்ல."

ஹாஃபிஸா பேனாவை மூடினாள். பரீத்தைப் போகச் சொன்னாள். ஊரை விட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னாள்.

வாசல் வரை போனவன் திரும்பினான்.

"மேடம்... அப்ப நான் படத்தை முடிக்கலாமா? இருபத்தி மூணு மணி நேரந்தான் இருக்கு."

*

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தகனம் முடிந்தது.

மாலை ஐந்தரைக்கு மதிவதனி கடையைத் திறந்தாள். தமிழ்மாறனின் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். பென் டிரைவை வைத்தார்கள். போனார்கள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு இளவழகன் வந்தான்.

"மனசே இல்ல அண்ணி. ஆனா அண்ணன் பேருக்காக... நேத்தி காலைல எடுத்தது வெச்சு ஒப்பேத்திட்டேன்."

"நல்லதுப்பா. வை."

ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு ஷேக் பரீத் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிமிடம் முன்னதாக!

திங்கள்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு மதிவதனி திரை முன்னால் உட்கார்ந்தாள். பத்தொன்பது குழு. முப்பத்தொரு மணி நேரக் காட்சிகள். படங்கள் எப்படி என்று பார்க்கிற வேலை நடுவர்களுக்கு. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்... சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு வரை மதகுப் பக்கம் போனது யார்?

நான்காவது பென் டிரைவில் அவன் வந்தான்.

கடைத்தெருவில் ஒரு காதல் காட்சி. பையன் பூ நீட்டுகிறான். பெண் வெட்கப்படத் தயாராகிறாள். பின்னால் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வருகிறது. ஹெல்மெட் இல்லை. கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறான் தமிழ்மாறன். 'கட் கட்... சார் உள்ள வந்துட்டார்' என்று யாரோ சலித்துக்கொள்கிறார்கள்.

ஓரத்தில் நேரம்: ஆறு ஐந்து.

மதிவதனி அதை நான்கு முறை ஓட்டினாள். ஐந்தாவது முறை திரை மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் துடைத்தாள்... திரையை அல்ல.

கதவு தட்டப்பட்டது.

"ஆபீசரம்மா..."

ராசம்மாள். ஐம்பத்தைந்து வயது. பதினாறு பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. வாயைத் திறந்தால் வயல் மூலை வரை கேட்கும். இன்றைக்கு மட்டும் அடக்கி வாசித்தாள்.

"துக்கத்துல இருக்கீங்க. கேக்கக் கூடாது."

"கேளுங்க."

"இந்தப் புள்ளைங்க படத்துல நடிச்சிருக்கேன். ஒண்ணுல செத்துட்டேன். ஒண்ணுல அழுதேன். இன்னொண்ணுல சும்மா நின்னேன். நின்னதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு. என் மூஞ்சி எப்படி விழுந்திருக்குன்னு..."

"வந்து உக்காருங்க. தேடிப் பார்ப்போம்."

ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினாள். ஒவ்வொரு பென் டிரைவிலும் முதலில் வந்தது சாமிதான்.

அது சினிமாக்காரர்களின் வழக்கம். புதுப் படம் தொடங்கினால் கேமரா முதலில் பார்க்க வேண்டியது கடவுளை. ஒரு சூடம், ஒரு ஷாட். அப்புறம்தான் மனிதர்கள். ஊர்ப்பக்கக் குறும்படக்காரர்களும் கல்யாண வீடியோக்காரர்களும் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பிள்ளையார், இரண்டு மாரியம்மன், ஒரு மாதா, பரீத் கேமராவில் பள்ளிவாசல் மினாரா. பத்தொன்பதாவது ஆள் கண்ணாடியில் தன்னையே எடுத்திருந்தான்.

"எத்தினி புள்ளையாரு," என்றாள் ராசம்மாள். "என்னை எப்பக் காட்டுவீங்க?"

"வருது, வருது."

அடுத்த பிள்ளையார். கறுப்புக் கல். நெருக்கத்தில் எடுத்த பதினோரு வினாடி ஷாட். பின்னால் எதுவும் தெரியவில்லை. நேரம் ஆறு இரண்டு.

மதிவதனி தாண்டப் போனாள்.

"நிறுத்துங்க," என்றாள் ராசம்மாள்.

"என்ன?"

"இது நம்ம மதகடிப் புள்ளையாரு."

"இல்லைங்க. ஃபோல்டர் பேருல திருக்காட்டுப்பள்ளின்னு எழுதியிருக்கு. பிள்ளையாரெல்லாம் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

"புள்ளையாரு எந்த ஊராவும் இருந்துட்டுப் போகட்டும். காலடில கிடக்குதே நாத்து... அது என்னுது."

மதிவதனியின் விரல் நின்றது.

"எப்படிச் சொல்றீங்க?"

"புது வயல்ல நடவுக்கு எறங்குறப்போ மொத நாத்து முடியைப் புள்ளையாருக்கு வெச்சுட்டுத்தானே எறங்குவோம்? அன்னிக்கு மதகுக்கு அந்தாண்ட, மூங்கித்தோப்பு தாண்டி, புது வயலு. முடி கட்ட நாரு இல்ல. உங்க ஆபீசுல குடுத்த விதைச் சாக்குல நீல நூலு இருக்கும் பாருங்க... அதை உருவிக் கட்டுனேன். ரெட்டை முடிச்சு."

திரையில் பெரிதாக்கினாள். பிள்ளையாரின் காலடியில் பச்சையாக ஒரு நாற்று முடி. இடுப்பில் நீல நூல். இரட்டை முடிச்சு.

"என்னிக்கு வெச்சீங்க?"

"சார் போன அன்னிக்குத்தாம்மா. பொலபொலன்னு விடியறப்போ. அஞ்சே முக்கா இருக்கும்."

"அப்புறம் அது அங்கதான் இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு? ஏழு மணிக்கு டீக்குக் கரையேறுறேன், ஒரு வெள்ளாடு நின்னு தின்னுக்கிட்டு இருக்கு. நூலைக்கூட விடல. வெரட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் லஸ்கரு கத்துனாரு..."

ராசம்மாள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு வைத்த நாற்று. ஏழு மணிக்கு ஆட்டின் வயிற்றில்.

நடுவே, ஒரு கேமரா.

மதிவதனி பென் டிரைவைப் பிடுங்கித் திருப்பினாள். மேலே, வெள்ளிக்கிழமையே ஒவ்வொரு குழுவுக்கும் தமிழ்மாறன் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்த ஸ்டிக்கரில் பெயர் இருந்தது.

இளவழகன்.

*

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. ஸ்டேஷன்.

"உக்காருங்க டைரக்டர்," என்றாள் ஹாஃபிஸா. "உங்க படத்துக்குத்தான் முதல் பரிசுன்னு பேச்சு அடிபடுது."

இளவழகனின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஓரத்தில் மதிவதனி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சுருங்கியது.

"அண்ணன் பார்க்கக் குடுத்து வைக்கல மேடம்."

"ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பிள்ளையார் எந்த ஊரு?"

லேப்டாப்பைத் திருப்பினாள்.

"திருக்காட்டுப்பள்ளிங்க. ஆத்தோரம்."

"எந்தப் படித்துறை?"

"அது... பேரு தெரியாதுங்க."

"பிள்ளையார் ஆறு ரெண்டுக்கு. அடுத்த ஷாட்டு ஆறு நாப்பது. அதுல உங்க ஹீரோயினோட நிழல் காலடியில சுருண்டு கிடக்கு. புரட்டாசி மாசம் காலைல ஆறு நாப்பதுக்கே சூரியன் உச்சிக்கு வந்துடுச்சா?"

"கேமரா கடிகாரம் கொஞ்சம் முன்ன பின்ன..."

"கடிகாரம் சொல்றதைக் கேக்க வேணாம். நாத்து சொல்றதைக் கேப்போம். இந்த நாத்து, இந்த நீல நூல், பாபநாசம் மதகடில சனிக்கிழமை அஞ்சே முக்காலுக்கு வெச்சது. வெச்சவங்க வெளில இருக்காங்க. ஏழு மணிக்குத் தின்னவரும் ஊர்லதான் இருக்கார். நாலு காலு, தாடி. கூட்டிட்டு வரச் சொல்லவா?"

இளவழகன் லேப்டாப்பை மெல்ல மூடினான்.



"அண்ணி..." என்றான் கடைசியில். "கொல்லணும்னு போகலண்ணி."

"சொல்லு," என்றாள் மதிவதனி.

"மதகுல முதல் ஷாட் வெச்சுட்டுக் கிளம்பறேன்னு அண்ணன்கிட்ட முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஷாட்டு எடுத்து முடிச்சேன். ஸ்கூட்டர்ல வந்தாரு. வரும்போதே சிரிப்பு. 'சென்னைப் பயிலரங்குக்கு நீ அனுப்புன கதையைப் பத்திப் பேசணும்டா'ன்னாரு."

"என்ன கதை?"

"என் கதை இல்ல அண்ணி. பரீதோடது. உங்க கடைல டைப் அடிச்சு வெச்சிருந்தது. ஒரு நாள் அண்ணன் சாப்பிடப் போனப்போ பென் டிரைவ்ல எடுத்துட்டேன். பேரை மாத்தி அனுப்பிட்டேன். பதினஞ்சு வருஷமா அடுத்தவங்க கல்யாணத்தையே எடுத்துக்கிட்டு இருக்கேன் அண்ணி. ஒரு தடவையாவது..."

"அப்புறம்?"

"அண்ணன் டைப் அடிச்ச கதை அவருக்குத் தெரியாமப் போகுமா? மாட்டிக்கிட்டேன்னு புரிஞ்சு போச்சு. 'ஞாயித்துக்கிழமை போட்டி முடிவு மேடையில எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்'னாரு. சொல்லாதீங்கண்ணான்னு சட்டையைப் பிடிச்சேன். அவரு இன்னும் பெருசாச் சிரிச்சாரு. கேலி பண்றாருன்னு நெனச்சேன். தள்ளிட்டேன்."

"விழுந்தப்புறம் எட்டிப் பார்த்தியா?"

"இல்ல அண்ணி. பயந்து போயி... கேமராவை எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்."

"கேமராவை எடுக்க நேரம் இருந்திருக்கு," என்றாள் மதிவதனி.



ஹாஃபிஸா எழுந்தாள்.

"திருக்காட்டுப்பள்ளி போயி, கடிகாரத்தைப் பின்னால தள்ளி வெச்சு, மிச்சப் படத்தையும் எடுத்திருக்கீங்க. இவ்வளவு யோசிச்ச ஆளு அந்தப் பிள்ளையாரை மட்டும் ஏன் டெலிட் பண்ணல?"

இளவழகன் அவளை நிஜமான அதிர்ச்சியோடு பார்த்தான்.

"முதல் ஷாட்டுங்க மேடம்... சாமி. அதை அழிச்சா தொழில் விளங்காதுங்க."

"அதை அழிச்சிருந்தா இந்நேரம் தொழில்ல இருந்திருப்பீங்க."

*

எட்டு நாள் கழித்து.

கடையிலிருந்த கம்ப்யூட்டரைச் சாட்சியப் பொருளாக எடுத்துப் போக ஹாஃபிஸா வந்தாள். மதிவதனி வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் வேறு ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிமிஷம் மேடம். போட்டி மெயில் மட்டும் ஒரு தடவை பார்த்துடறேன். எதுக்காவது கடைசித் தேதி இருந்தா குரூப்ல போடணும்."

திறந்தாள்.

மேலேயே ஒன்று. அன்று காலை வந்தது. சென்னையில் திரைக்கதைப் பயிலரங்கு நடத்தும் அறக்கட்டளையிலிருந்து.

மதிவதனி படித்தாள். மறுபடியும் படித்தாள். நகர்ந்து ஹாஃபிஸாவுக்கு இடம் விட்டாள்.

'அன்புள்ள தமிழ்மாறன், தாங்கள் பரிந்துரைத்த திரு. இளவழகன் எங்கள் பயிலரங்குக்குத் தேர்வாகியிருப்பதை, உங்கள் போட்டி தொடங்கிய வெள்ளிக்கிழமை இரவு தங்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். இந்த நல்ல செய்தியை நேரில் நீங்களே சொல்ல வேண்டும், ஞாயிறன்று மேடையிலும் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், அவருக்கு நாங்கள் தனியே எழுதவில்லை. இதுவரை அவரிடமிருந்து பதில் இல்லை...'

ஹாஃபிஸா குனிந்து கடைசி வரி வரை படித்தாள்.

"அவரு சொல்ல வந்தது..." என்றாள் ஹாஃபிஸா.

"இதைத்தான்."

"ஆனா திருட்டுக் கதைன்னு தெரிஞ்சும் எப்படிப் பரிந்துரை பண்ணினார்? அவர்தானே டைப் அடிச்சது?"

மதிவதனி கீபோர்டில் கை வைத்தாள். எழுத்துகள் தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் டைப் அடிக்கற எதையும் படிக்க மாட்டார் மேடம். படிச்சா வேகம் போயிடும்பார். எழுத்தைத்தான் பார்ப்பார். நூத்திருபது பக்கத்தையும் அடிச்சு முடிச்சுட்டு, ஹீரோ பேரு என்னன்னு கேட்டா தெரியாதும்பார்."

"அப்ப அவருக்கு எதுவுமே..."

"எதுவும் தெரியாது. தம்பிக்கு இடம் கிடைச்சிடுச்சுன்னு சிரிச்சிருக்கார். அவ்வளவுதான்."

ஹாஃபிஸா தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவைப் பார்த்தாள்.

மதிவதனி பதில் அடித்தாள். வேகமாக... எழுத்தை மட்டும் பார்த்து.

'அந்தக் கதையை எழுதியவர் ராஜகிரி ஷேக் பரீத். ஆதாரமாக அசல் கோப்பு இணைக்கப்பட்டுள்ளது. இடத்தை அவருக்குக் கொடுக்கவும். இளவழகன் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்.'

பரீத் இப்போது சென்னையில் இருக்கிறான். முதல் வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனானாம்.

அறக்கட்டளை தன் இணையதளத்தில் போட்டிருந்த தேர்வுப் பட்டியலை மட்டும் இன்னும் திருத்தவில்லை. மதிவதனி அவ்வப்போது திறந்து பார்க்கிறாள். ஏழாவது வரிசை அப்படியே இருக்கிறது.

'பெயர்: இளவழகன். ஊர்: பாபநாசம். தங்குமிடம் தேவையா: ஆம்.'

அந்தத் தங்குமிடச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது!